விரிப்பின் மறுமுனை

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆள் மடித்தால் அது மூட்டையாகுமே தவிர மடிப்பாகாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து ஓர் இழு. துணி பட்டென்று சத்தம் போட வேண்டும். பிறகு நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி விலக வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது விரிப்பு. ஐந்து வருடமாக அண்ணியும் பம்பரமும் இப்படித்தான் எதிரே வந்து எதிரே வந்து விலகிப் போகிறார்கள். ஒரே வீட்டில் இருந்தும், வீட்டில் அவ்வளவு தடவை முகத்தோடு முகம் பார்த்தது கிடையாது.

அந்தச் சலவைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அண்ணிதான். லாட்ஜ் மேனேஜர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் போனில், "அண்ணி, இன்னைக்கு நாற்பது விரிப்பு கூட வருது, கோச்சுக்காதீங்க" என்பார். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் அவள் கணவரின் தங்கை. இருபத்துமூன்று வயது. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து மாலையில் இறங்குகிறவரை ஓரிடத்தில் நிற்காத உடம்பு என்பதால் பம்பரம் என்று பெயர் விழுந்துவிட்டது. கணவருக்கு முதலாளி என்று பெயர். அவர் முன்பக்கம் உட்கார்ந்து துணி எண்ணி வாங்குவார், எண்ணிக் கொடுப்பார். பின்பக்கம் நீராவிக்குள் நடக்கிறதெல்லாம் பெண்கள் ராஜ்ஜியம்.

அண்ணிக்கு இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று கறை. ஒரு கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எண்ணெயா, மையா, மருந்தா, எத்தனை நாள் பழசு, யார் மறைக்கப் பார்த்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள். "காயறதுக்கு முன்னாடி கை வைக்கணும்" என்பது அவள் ஓயாமல் சொல்லும் மந்திரம். காய்ந்த கறையோடு வருகிறவர்களைக் கடை வாசலிலேயே நிற்க வைத்துப் பாடம் எடுப்பாள். இன்னொன்று அவள் வாய். துணியைவிட ஆட்களை நன்றாக வெளுப்பாள் என்று லாட்ஜ் பையன்கள் சொல்வார்கள்.

அந்த வியாழக்கிழமை அவள் வெளுத்துக்கொண்டிருந்தது பம்பரத்தைத்தான். ஆள் எதிரில் இல்லாததால் உருளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உருளை என்பது ஓர் ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கிற இஸ்திரி இயந்திரம். ஈரத் துணியை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் சுடச்சுட, சுருக்கமில்லாமல் வரும்.

"பரிட்சை நாள்ல வயித்து வலி வர்றது அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு. இவளுக்கு என்ன வயசு? எனக்கு வராத மாசமா? ஒரு நாள் படுத்திருப்பேனா?"

கோபத்துக்குக் காரணம் ஒரு வேன். கடைக்குச் சொந்தமான பழைய வேன். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் மூன்று மாதத்துக்கு முன், "இந்தச் சீட்டுல உக்காந்து உக்காந்து எனக்கு மூலமே வந்திடுச்சு, ஆளை விடுங்க" என்று சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். முதலாளிக்கு ஓட்டத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை ஓட்டினார், சலவைக்குத் துணி கொடுக்கிற கிளினிக்கின் மதில் சுவர் விழுந்தது. அதன்பிறகு அவர் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. வேன் ஷெட்டில் தூங்க, லோடுக்கு வாடகை வண்டி வருகிறது. அதுவும் அதன் இஷ்டத்துக்கு வருகிறது.

பம்பரம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டினாள். பயிற்சிப் பள்ளிக்காரர், "இந்தப் பொண்ணு ரிவர்ஸ் எடுத்தா நான் கண்ணை மூடிட்டு நிப்பேன்" என்றாராம். முதலாளி கண்ணை மூடுவதற்கும் அவர் மூடுவதற்கும் வித்தியாசம் உண்டு. உரிமத்துக்கான தேர்வு மட்டும்தான் பாக்கி. வேன் ஓட்டுகிறவர்களுக்கு அந்த அலுவலகத்தில் நான்கு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை தேர்வு. பம்பரத்தின் உடம்பும் நான்கு வாரக் கணக்குத்தான். அலுவலகமும் அவள் வயிறும் பேசிவைத்துக்கொண்டது போல, முதல் தேர்வு நாளில் வலி; தேர்வுக்குப் போகவில்லை. இரண்டாவது தேர்வு இன்று. காலையில் இரண்டு தடவை வாந்தியெடுத்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். இன்னும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. அதற்கடுத்த திங்கட்கிழமை பழகுநர் அனுமதிச் சீட்டு காலாவதி. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேனைப் பார்க்க ஒரு வியாபாரி வந்துவிட்டுப் போயிருந்தார். சீட்டில் உட்கார்ந்து பார்த்து, "தோசைக்கல்லு மாதிரி இருக்கேய்யா" என்று விலையைக் குறைத்தார். இன்று காலை முதலாளி சாப்பிடும்போது சொல்லிவிட்டார். "அடுத்த தடவையும் இவ போகலைன்னா வித்துடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

பம்பரம் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். மதியம் கடைக்கு வந்து நின்றாள். முகம் பத்து தடவை துவைத்த துணி மாதிரி இருந்தது.

"எதுக்கு வந்தே?" என்றாள் அண்ணி.

"லாட்ஜ் லோடு இருக்கே."

"டெஸ்ட் முடிஞ்ச உடனே வலியும் முடிஞ்சிடுச்சாக்கும்."

பம்பரம் விரிப்பின் முனையை எடுத்துக்கொண்டாள். பதில் சொல்வதை அவள் விட்டு ரொம்ப நாளாகிறது.

மடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணிக்கு மறுமுனையில் நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, துணி சொல்லிவிடும். சோம்பேறி இழுத்தால் முதலிலிருந்து கடைசிவரை தொளதொளவென்று இருக்கும். தூக்கக் கலக்கத்தில் இழுத்தால் மூலை நழுவும். கோபத்தில் இழுத்தால் வெடுக்கென்று தோள்வரை வந்து இடிக்கும். கடையில் வேலை பார்த்துவிட்டுப் போன எத்தனையோ பெண்களை அவள் இப்படித்தான் எடை போட்டிருக்கிறாள்.

முதல் மூன்று விரிப்பு விறைப்பாக வந்தன. நான்காவது தொய்ந்தது.

"இழுத்துப் பிடி" என்றாள் அண்ணி, நிமிராமலே.

மறுபடி விறைப்பு. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதில் தொய்வு. நடுவில் யாரோ கையை விட்டதுபோல் துணி தரையைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல எழுந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். பம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகத்தான் நின்றாள். ஒன்பது, பத்து, பதினொன்று சரியாக வந்தன. பன்னிரண்டாவதை அண்ணி காத்திருந்து வாங்கினாள். அது தொய்ந்தது.

இப்படி ஓர் இழுப்பை அவள் துணியில் கண்டதில்லை. ஆனால் எங்கேயோ கண்டிருக்கிறாள். யோசித்துக்கொண்டே இன்னும் நான்கு மடித்தாள். பதினாறாவது தொய்ந்தபோது பிடிபட்டது. மகனைப் பெற்ற அன்று இப்படித்தான் இருந்தது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தபோது, வருகிறது, போகிறது, மூச்சு வாங்கவிட்டு மறுபடி வருகிறது. நடிக்கிறவளுக்கு இவ்வளவு கணக்குச் சுத்தமாக நடிக்க வராது. சோம்பேறிக்கு மூன்று விரிப்பு விறைப்பாக இழுக்க மனசு வராது.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன் அண்ணி" என்று பம்பரம் முனையை மேசையில் வைத்துவிட்டு, அலமாரிகளுக்குப் பின்னால் போனாள். தண்ணீர்ப் பானை அந்தப் பக்கம் இல்லை. அண்ணி பின்னாலேயே போனாள்.

பம்பரம் சுவரோடு சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குள், உள்பனியனுக்கு மேல், ஒரு கட்டுத் தலையணை உறை. உருளையிலிருந்து அப்போதுதான் வந்த கட்டு. ஆவி இன்னும் போகவில்லை. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அண்ணி குனிந்து கட்டை எடுத்தாள், பனியனை விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே தோல் முழுக்க வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள். ஓரமாக ஒரு பொத்தான் அளவுக்குப் புதுக் கொப்புளம்.

"இது என்னடி?"

"ஒண்ணுமில்ல. சூடு பட்டது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். சூடு வெச்சா கொஞ்சம் நேரம் தாங்கும். ஆறினதும் அடுத்த கட்டு எடுத்துப்பேன்."

அண்ணிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது, ரொம்ப வேகமாக. தலையணை உறைகளில் மாதா மாதம் சில கட்டுகள் நடுவில் வளைந்து, கசங்கிப் போகின்றன என்று லாட்ஜ் மேனேஜர் புலம்பியது. உருளைதான் பழுது என்று முதலாளி முடிவு கட்டியது. மெக்கானிக் வந்து, கழற்றி, உள்ளே சுற்றியிருந்த கம்பளியை இரண்டு தடவை மாற்றியது. மாற்றியும் வளைவு போகாமல், "இது கம்பெனியோட தப்பு" என்று அவன் கைகழுவியது.

"அப்ப அந்த வளைவு..."

"நான்தான் அண்ணி."

"கம்பளி ரெண்டு தடவை மாத்தினோமேடி."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஆனா மெக்கானிக்கை வெச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது, கோளாறு உருளையில இல்ல, என் வயித்துலன்னு. முடிஞ்சவரைக்கும் திரும்பத் துவைச்சுப் போட்டுடுவேன். சில நாள் நேரம் இருக்காது."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை விடுவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

பம்பரம் கண்ணைத் திறந்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "சொன்னேனே அண்ணி. அஞ்சு வருஷமா சொல்லிட்டுதானே இருந்தேன்."

அண்ணி கையிலிருந்த கட்டைத் தரையில் வைத்தாள். ஊரையே பதில் சொல்ல விடாத வாய், இவள் சொன்னதைக் கேட்கவும் விட்டதில்லை. அண்ணிக்கு மாதவிலக்கு என்பது பேப்பர்காரன் வந்து போவது மாதிரி. வந்த சத்தமும் இருக்காது, போன சத்தமும் இருக்காது. தனக்கு வராத வலி யாருக்கும் வராது என்று நினைத்திருந்தாள். அதோடு விட்டாளா? பதினெட்டு வயதில் இந்தப் பெண் மாத்திரை கேட்டு நின்றபோது, "பழகினா உடம்பு அதையே கேக்கும், கர்ப்பப்பை கெட்டுப்போயிடும். தாங்கவே முடியலைன்னா ஒண்ணு போடு" என்று சட்டம் போட்டதும் அவள்தான். வெட்கமாக இருந்தது அவளுக்கு. வெட்கம் என்றால் தலை குனிகிற வெட்கம்.

"இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேன். தாங்கவே முடியாதபோது, எட்டு மணிக்கு. வெறும் வயிறு. உடனே வாந்தியில போயிடுச்சு."

அண்ணி எழுந்து முன்பக்கம் போனாள். முதலாளி துணி எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அதை வெச்சுட்டு வாங்க. மறுமுனையைப் பிடிங்க."

"நானா? அவ எங்க?"

"அவளுக்கு வலி."

"வலின்னுதான் காலையிலேருந்து..."

"நிஜமான வலி. நான் பார்த்துட்டேன். வாங்க."

முதலாளி மடித்த விரிப்பு எதுவும் விரிப்பு மாதிரி இல்லை. நடுவில் சந்திக்க வேண்டிய இடத்தில் அவர் இடப்பக்கம் போனார், அவள் வலப்பக்கம் போனாள். இரண்டு தடவை தலை முட்டிக்கொண்டது. "இழுத்துப் பிடிங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர், "இத்தனை வருஷம் இதைத்தான் செய்யறீங்களா நீங்க" என்று மூச்சு வாங்கினார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் கிளினிக்குக்கு வெளுத்த துணி கொண்டுபோன வாடகை வண்டியில் மூட்டையோடு மூட்டையாகப் பம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு போனாள் அண்ணி. அங்கே இருக்கிற பெண் டாக்டருக்கு அவளைத் தெரியும். அவருடைய வெள்ளைக் கோட்டில் விழுந்த எத்தனையோ மைக்கறையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

டாக்டர் பம்பரத்திடம்தான் கேட்டார். வலி எந்த வயதிலிருந்து, எத்தனை நாள் இருக்கும், மற்ற நாளில் வருகிறதா, உதிரப்போக்கு அதிகமா, வயிற்றுப்புண், ஆஸ்துமா ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அண்ணி நடுவில் புகுந்து பதில் சொல்லப் போனபோதெல்லாம், "அவங்க சொல்லட்டும்" என்றார். வயிற்றைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சூடு நல்லதுதான். ஆனா கை வெச்சா சுகமா இருக்கணும், சுடக்கூடாது. வெந்நீர்ப் பையைத் துணியில சுத்தி, கால் மணி நேரம் வெச்சு எடுத்துடணும். இப்படித் தோலை வேக வெக்கக்கூடாதும்மா."

"மாத்திரை?" என்று அண்ணி இழுத்தாள்.

"அதுதான் முக்கியம். வலி உச்சிக்குப் போனப்புறம் போட்டா பாதிதான் கேக்கும். வர்ற அறிகுறி தெரியுதில்ல, காலு கடுக்கறது, இடுப்பு இழுக்கறது, அப்பவே போட்டுடணும். சாப்பிட்டுட்டுப் போடணும். அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, கடிகாரத்தைப் பார்த்து. வலிக்குதா இல்லையான்னு பார்க்கக்கூடாது. ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். எழுதிக் கொடுத்ததுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்."

"பழகிடாதா? கர்ப்பப்பைக்கு ஒண்ணும்..."

"இவங்களுக்கு ஒத்துக்குதான்னு கேட்டுத்தான் எழுதறேன். மாசத்துல ரெண்டு மூணு நாள் இப்படிப் போட்டா பழக்கமும் ஆகாது, கர்ப்பப்பையும் கெடாது. யார் சொன்னா அப்படி?"

அண்ணி கூரையைப் பார்த்தாள். பம்பரம், "எல்லாரும் சொல்வாங்க டாக்டர்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அண்ணிக்கு அப்போது தோன்றியது.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்னும் சொல்றாங்களே?" என்றாள் அண்ணி.

"கல்யாணம் மருந்துக் கடையில விக்கறதில்லையே" என்றார் டாக்டர். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மூன்று மாதம் இப்படிச் செய்தும் வலி அடங்கவில்லையென்றால் திரும்ப வரச் சொன்னார். வேறு வைத்தியமும் இருக்கிறது, தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை என்றார்.

திரும்பும் வழியில் பம்பரம் வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி தூரம் வந்ததும் சொன்னாள். "அண்ணி, நீங்க கறைக்குச் சொல்றதைத்தான் அவங்க வலிக்குச் சொல்றாங்க. காயறதுக்கு முன்னாடி கை வைக்கணும்னு."

"கிண்டல் பண்றியா?"

"இல்ல. அஞ்சு வருஷமா ரெண்டையும் உங்ககிட்டதான் கேட்டேன். சேர்த்துப் பார்க்கத் தெரியல."

"எனக்கே தெரியலடி" என்றாள் அண்ணி. சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது.

கடை முன்பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. லாட்ஜ், கிளினிக், முடிதிருத்தும் கடை என்று எவருடைய லோடு எந்த நாள், எத்தனை மணி என்று அதில்தான் எழுதுவார்கள். அடுத்த தேர்வு வாரத்தின் திங்கட்கிழமை, அண்ணி சாக்பீஸை எடுத்து, லாட்ஜுக்குக் கீழே எழுதினாள்: 'புதன் வியாழன் வெள்ளி – பம்பரம். காலை 6, பகல் 2, இரவு 10. சாப்பிட்டபின்.'

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "இதெல்லாமா பலகையில எழுதறது? லாட்ஜ் ஆளுங்க வந்து பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே. லாட்ஜ் லோடு வர்ற நாள் தெரியும், அதுக்குத் தக்கபடி ஆளு வெக்கறோம். இதுவும் வர்ற நாள் தெரிஞ்சதுதான். இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்துட்டோம்."

அவர் துணி எண்ணப் போய்விட்டார். மறுநாள் காலை ஷட்டரை ஏற்றிய அண்ணி பலகையைப் பார்த்து நின்றாள். அவள் எழுதியதற்கு அடியில், கோணல் மாணலான அவர் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'வெந்நீர்ப் பை – வாங்கியாச்சு.'

புதன் மதியம் பம்பரம், "கால் கடுக்குது" என்றாள். அண்ணி ரொட்டியும் பாலும் கொடுத்து, மாத்திரையைக் கையில் வைத்தாள். துவைக்கும் இயந்திரத்துக்கு வைக்கிற மணியை எட்டு மணி நேரத்துக்குத் திருப்பிவிட முடியாது என்பதால் போனில் அலாரம் வைத்தாள். இரவும் போட்டாயிற்று. வியாழன் காலை ஆறு மணிக்கும் போட்டாயிற்று. உதிரம் தொடங்கிவிட்டது; ஆனால் வாந்தி இல்லை. "இருக்கு அண்ணி. ஆனா ஓரமா உக்காந்திருக்கு" என்றாள் பம்பரம். பயிற்சிப் பள்ளிக்காரர் பக்கத்தில் உட்கார, அவளே வேனை ஓட்டிக்கொண்டு தேர்வு மைதானத்துக்குப் போனாள். அண்ணி பின்னால் மூட்டை வைக்கிற இடத்தில், மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்து போனாள்.

பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். அதற்குள் வெயில் ஏறி, வரிசை நீண்டு, வெந்நீர்ப் பை பச்சைத் தண்ணீர்ப் பையாகிவிட்டது. பன்னிரண்டு மணியிலிருந்தே பம்பரம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அண்ணி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். கொஞ்ச தூரம் நடக்க வைத்தாள். நடந்துவிட்டு வந்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தில் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அந்த நான்காவது விரிப்பு வருகிறது.

"இப்பவே ஒண்ணு போட்டுடேன். முக்கால் மணி நேரம்தானே."

"ரெண்டு மணிக்குத்தான் அண்ணி. பலகையில எழுதியிருக்கீங்க."

"அடுத்தது யாரு?" என்று அதிகாரியின் ஆள் கூப்பிட்டான். அடுத்தது பம்பரம். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடியலைன்னா சொல்லிடு. வேன் போனாப் போகுது. நான் உங்க அண்ணன்கிட்டப் பேசிக்கறேன்" என்றாள். மனசார சொன்னாள்.

பம்பரம் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்காரர் வரிசையில் நகர்த்தி நகர்த்தி, எஞ்சின் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவள் முகம் மாறியது. அண்ணி பயந்துபோய் ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள்.

"என்ன, ரொம்ப வலிக்குதா?"

"சீட்டு சூடா இருக்கு அண்ணி" என்றாள் பம்பரம். சிரித்தாள். "சுடல. டாக்டர் சொன்ன மாதிரி, கை வெச்சா சுகமா இருக்கு."

ஓட்டுநருக்கு மூலம் வரவைத்த சூடு. வியாபாரி விலை குறைத்த சூடு. அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு அவள் கியரைப் போட்டாள். பக்கத்தில் ஏறிய அதிகாரி உட்கார்ந்த வேகத்தில் அரை அடி எழும்பினார். "என்னம்மா இது, அடுப்பு மாதிரி இருக்கு?"

"கொஞ்ச நேரத்துல பழகிடும் சார்."

அண்ணி வேலிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள். வேன் எட்டு போட்டது. கட்டைகளுக்கு நடுவே பின்னால் வந்து கோடு தொடாமல் நின்றது. மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். வேன் நின்றது. நின்றதும் எஞ்சின் அணைந்துபோனது. ஒரு முழம் பின்னால் உருண்டது.

அண்ணியின் கையில் ஒரு துண்டு இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்பது அவளுக்கே தெரியவில்லை. 'இழுத்துப் பிடி' என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் பிடிப்பாள், அவளுக்கு நேரம் கொடு, மெல்ல மெல்ல எழுந்து வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. வேன் அசையாமல் நின்றது. எஞ்சின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

அதிகாரி இறங்கி, பேன்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். "மேட்டுல பதறாம எடுத்தே. பரவாயில்ல. சீட்டை மட்டும் பாரு" என்றார்.

மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அண்ணி ரொட்டியையும் மாத்திரையையும் எடுத்தாள். இருவரும் வேனின் பின்படியில் உட்கார்ந்து, போனில் அலாரம் அடிக்கிறவரை காத்திருந்தார்கள்.

கடைக்கு வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றார். தங்கை கையிலிருந்த தாளை வாங்கி, எண்ணிக் கொடுக்கிற துணியைப் போல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அண்ணி சீட்டின் கதையைச் சொன்னதும் வியாபாரிக்குப் போன் போட்டார்.

"ஆமாங்க. சீட்டு சூடு பத்தி நீங்க சொன்னது உண்மைதான். அதனாலதான் விக்கறதா இல்ல."

உள்ளே லாட்ஜ் லோடு மலை மாதிரிக் காத்திருந்தது. "நீ போய்ப் படு. நானும் உங்க அண்ணனும் மடிச்சுக்கறோம்" என்றாள் அண்ணி. முதலாளியின் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"அவர் மடிச்சா லாட்ஜே காலியாயிடும்" என்றாள் பம்பரம். "கொஞ்ச நேரம் பிடிக்கறேன். வந்தா சொல்றேன்."

"சொல்லணும்."

"சொல்றேன் அண்ணி."

எதிரெதிரே நின்றார்கள். முதல் மூன்று விரிப்பு விறைப்பாக வந்தன. நான்காவதுக்கு அண்ணி தன்னையறியாமல் காலை ஊன்றி, கைகளைத் தளர்த்தித் தயாராக நின்றாள், தொய்வு வந்தால் தாங்கிக்கொள்ள. மறுமுனை பட்டென்று இழுத்தது. எதிர்பார்க்காத அண்ணி இரண்டடி முன்னால் தள்ளாடிப் போய், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெல்ல இழுடி" என்றாள். "என்னையும் சேர்த்து மடிச்சிடப் போறே."